ஊமை விசைப்பலகையும் ஐந்து கட்டைச் சுருதியும்

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருவர் கொழும்பில் வசிக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைகளிற் கற்பித்தவர். சிறுவர்களுக்காகத் தாம் இயற்றி மெட்டமைத்த பாடல்களைத் தம் கையாலேயே பதிவுசெய்து வைத்துவிட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. வெளிநாட்டிலுள்ள மகன் 49 விசைகள் கொண்ட மிடி விசைப்பலகை ஒன்றை வாங்கி அனுப்பினார். கணனி வீட்டில் இருந்தது. ஒலிப்பதிவு மென்பொருளை அயல்வீட்டு மாணவர் ஒருவர் நிறுவிக் கொடுத்தார். சில நாட்களின் பின் எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது.

"தம்பி, மகன் அனுப்பினது செத்த சாமான். லைற் எரியுது. ஆனா எங்கை அமத்தினாலும் ஒரு சத்தமும் வரேல்லை."

நான் இசைஞன் அல்லன். ஆயினும் பத்திரிகை அலுவலகங்களில் கணனியோடும் தமிழ் எழுத்தோடும் பல்லாண்டுகள் மல்லுக்கட்டியவன். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த செய்தியை, அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் என்ன தோன்றும் என்பது எம் தலைமுறைப் பத்திரிகையாளர் அனைவருக்கும் தெரியும். பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமே தோன்றும். விசைப்பலகை அனுப்புவது எழுத்தை அன்று, ஓர் இலக்கத்தை. அதற்கு வடிவம் கொடுப்பது எழுத்துரு. மிடி விசைப்பலகையின் கதையும் இதுவே. அதற்குள் ஒலி கிடையாது. "60 ஆம் இலக்க விசை, 90 என்ற அழுத்தத்தில் தொடப்பட்டது, இப்போது விடப்பட்டது" என்ற செய்தியை மட்டுமே அது அனுப்புகிறது. அச்செய்திக்குக் குரல் கொடுக்க, கணனியில் ஒரு மென்பொருள் வாத்தியம் காத்திருக்க வேண்டும்.

ஆசிரியையின் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறருக்கும் பயன்படக்கூடும். முதலில் விசைப்பலகையை யூஎஸ்பி வடத்தால் இணைத்துவிட்டு, அதன் பின்னரே மென்பொருளைத் திறந்தோம். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் மிடி உள்ளீடுகளின் பட்டியலில் கருவியின் பெயர் இருந்தது. ஆனால் அது இயக்கப்படாமல் இருந்தது. அதனை இயக்கினோம். புதிய தடம் ஒன்றை உருவாக்கி, அதில் வயலின் ஒலி தரும் மென்பொருள் வாத்தியத்தை ஏற்றினோம். தடத்தின் உள்ளீடாக விசைப்பலகையைத் தெரிவு செய்து, பதிவுக்கான சிவப்புப் பொத்தானையும், வாசிக்கும்போதே கேட்பதற்கான பொத்தானையும் அழுத்தினோம். ஊமை பேசியது.

பேசியது, ஆனால் பிந்திப் பேசியது. விரல் பட்டபின் சற்றுத் தாமதித்தே ஒலி வந்தது. பஃபர் அளவு 1024 ஆக இருந்ததே காரணம். ஒரு விநாடியை 44,100 கூறுகளாக்கிப் பதியும்போது, 1024 கூறுகள் என்பது ஏறத்தாழ 23 மில்லி விநாடி. கணனியின் ஏனைய தாமதங்களும் அதனோடு சேரும். ஆசியோ இயக்கியைத் தெரிவு செய்து பஃபரை 128 ஆகக் குறைத்ததும் அத்தாமதம் 3 மில்லி விநாடியளவுக்கு இறங்கியது.

இத்தகைய பொதுமொழி ஒன்று கிடைத்தது தற்செயல் அன்று. டேவ் சிமித் என்ற அமெரிக்கரும் இக்குதாரோ ககேஹாஷி என்ற ஜப்பானியரும் போட்டி நிறுவனங்களின் தலைவர்கள். அவர்கள் முன்னின்று முயன்றதால், 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த வர்த்தகக் கண்காட்சியில் அவ்விரு நிறுவனங்களின் வாத்தியங்கள் ஒரே வடத்தில் இணைந்து ஒலித்தன. எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்த அந்நியமம் விடப்பட்டது. 2013 இல் இருவருக்கும் தொழினுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. தமிழ் 1991 இலேயே யூனிகோட்டில் இடம்பெற்றும், பல்லாண்டுகள் ஆளுக்கொரு எழுத்துருவைக் கட்டிக்கொண்டிருந்த எமக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

ஆசிரியையின் மனக்குறை அத்துடன் தீரவில்லை. மோகனத்தில் அமைந்த பாடல் ஓரளவு சரியாக வந்தது. தோடிக்கு வந்தார். இரண்டு வரிகளில் நிறுத்திவிட்டார்.

"இது ஆர்மோனியத்தின்ரை பேரப்பிள்ளை, தம்பி. கட்டை மாறுது, கமகம் வரேல்லை."

விசைகளின் இடப்பக்கத்திலிருந்த சிறு சக்கரத்தை அவருக்கு எவரும் காட்டியிருக்கவில்லை. அலங்காரம் என்று நினைத்திருந்தாராம். அது சுருதியை வளைக்கும் சக்கரம். மேலே ஒரு முழுச்சுரம், கீழே ஒரு முழுச்சுரம், அதாவது இரண்டிரண்டு அரைச்சுரங்கள் என்பதே வழக்கமான தொடக்க அளவு. தோடியின் காந்தாரத்தை அசைக்க அது போதும். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே இழுப்பில் ஜாரு செய்ய ஏழு அரைச்சுரங்கள் வேண்டும். மென்பொருள் வாத்தியத்தில் அந்த இலக்கத்தை 7 ஆக மாற்றினோம். சக்கரம் கூருணர்வு மிக்கதாகிவிட்டதால் சிறு அசைவுகளுக்குக் கை பழக வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

இங்குதான் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. கமகம் பேசாது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1971 இல்தான் அத்தடை தளர்த்தப்பட்டது. ஆனால் இன்றும் நம் பாடகர்கள் தம் சுருதியை ஒரு கட்டை, ஐந்து கட்டை என்றே சொல்கிறார்கள். அந்தக் கட்டைகள் ஆர்மோனியத்தின் கட்டைகளே. கதவை மூடியதால் எவருக்கும் இலாபமில்லை. மிடி விடயத்தில் மூடுவதற்கு நியாயமும் இல்லை. சுருதியை வளைக்க அந்த நியமம் 16,384 படிகளை ஒதுக்கியிருக்கிறது. ஒவ்வொரு விரலும் தனித்தனியே சுரத்தை வளைக்கும் வசதி 2018 இல் நியமத்தில் சேர்ந்தது. அதன் அடுத்த பதிப்பு 2020 இல் வந்தது. குறை, கருவி வந்திறங்கும் அமைப்பை அப்படியே ஏற்கும் நம்மிடம் இருக்கிறது.

பல மென்பொருள்கள் திறக்கும்போதே நிமிடத்துக்கு 120 அடி, நாலுக்கு நாலு தாளம் என்று நிற்கின்றன. மிச்ர சாபு வேண்டுமானால் ஏழுக்கு எட்டு என்று நாம் மாற்ற வேண்டும். எட்டுப்பிசகிய சுரங்களைக் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும் வசதியும் உண்டு. அதை எல்லாவற்றுக்கும் பிரயோகித்தால், வேண்டுமென்றே தள்ளிவைத்த எடுப்பும் பிழையென்று திருத்தப்பட்டுவிடும். இவற்றை அறியாத பிள்ளை, தொழிற்சாலை வைத்த அளவையே இசையிலக்கணம் என்று நம்பி வளரும். வளையாத சுரத்தில் மெட்டமைக்கும். பின்னர் அதுவே காதுக்குப் பழகிவிடும். நான் அஞ்சுவது இதற்குத்தான்.

புலம்பெயர் நாடுகளிலும் இங்கும் பிள்ளைகளுக்கு இக்கருவிகளை வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கணனி தெரிந்தவரையும் சங்கீதம் தெரிந்தவரையும் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒருவர் ஒலி வரச் செய்வார். வந்த ஒலி ராகமாகிறதா என்பதை மற்றவர் சொல்வார். பதிவு முடிந்ததும் மிடி கோப்போடு நின்றுவிடாமல் ஒலிக்கோப்பாகவும் சேமியுங்கள். மென்பொருள் வாத்தியம் நாளை மறைந்தால், எழுத்துரு தொலைந்த பாமினிக் கோப்பின் கதிதான் அந்தப் பாடலுக்கும்.

ஆசிரியை இதுவரை நான்கு பாடல்களைப் பதிந்துவிட்டார். ஐந்தாவது தோடியில். அதைக் கேட்க நான் அடுத்த வாரம் போகிறேன்.