கைப்பேசியும் கரிசல் காட்டுக் கம்பெனிகளும்

குடியானவர்களே பங்குதாரர்களாய்ச் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனிகள் நமது விருதுநகர் ஜில்லாவில் பல இடங்களில் நடைபெற்று வருகின்றன. பத்துக் குடியானவர்கள் கூடினாலே இத்தகைய கம்பெனியைப் பதிவு செய்துகொள்ள 2002-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் வழி செய்தது. விதையையும் உரத்தையும் மொத்தமாக வாங்குவதும், பருத்தி, மக்காச்சோளம், வற்றல் முதலியவற்றை மொத்தமாக விற்பதும் இவற்றின் வேலை. இக்காரியங்களைக் கைப்பேசி மூலமாகவே நடத்தும்படி கம்பெனிக் காரியஸ்தர்களுக்கு நாமும் பயிற்சி அளித்து வருகிறோம். அப்பயிற்சி நல்லதே. ஆனால், அதன் பயன் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி.

சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கங்களில் மானாவாரி நிலமுள்ள குடும்பங்களின் பெண்களில் அநேகர் பகலில் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். மருந்து புழங்குமிடத்தில் கைப்பேசி ஆகாது. வீட்டிலோ வாசலிலோ வைத்துவிட்டே உள்ளே போகவேண்டும். இது உயிரைக் காக்கும் விதி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நமது புரட்டாசிப் பட்டமோ, தீபாவளிக்கு முந்திய மும்முரமான வேலை நாட்களிலேயே வருகிறது. ஒரு கம்பெனியில் காலை பத்து மணிக்கு விதை மூட்டைக்கான அறிவிப்பை அனுப்பி, நடுப்பகலுக்குள் பதில் கேட்டார்கள். டீக்கடையில் இருந்த ஆண்கள் பதில் கொடுத்தார்கள். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பி அறிவிப்பைக் கண்ட பெண்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. அந்த அறிவிப்பு முறையைக் காரியஸ்தருக்குக் கற்றுக்கொடுத்தவன் நானே. பகல் பதினொரு மணிக்குப் பயிற்சி வகுப்பு வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டவனும் நானே!

இளைஞர்களுக்குக் கற்பித்தால் போதும், அவர்கள் வீட்டாருக்குச் சொல்லுவார்கள் என்பது சிலருடைய அபிப்பிராயம். நான் இதற்கு உடன்படவில்லை. இளைஞன் திருப்பூருக்கோ கோயமுத்தூருக்கோ போய்விடுகிறான். கற்ற வித்தையும் அவனோடு போகிறது. தாயாரின் கணக்குக்கு வரவேண்டிய ஓ.டி.பி. எண் மகனுடைய கைப்பேசிக்குப் போக, அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த அம்மாள் அலைவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

இதைவிடச் சிறந்த முறை புதுச்சேரியில் முன்னமே அனுபவத்தில் வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-ஆம் வருஷத்தில் அங்குள்ள கிராமங்களில் தகவல் நிலையங்களை ஏற்படுத்தலானார்கள். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பைக் கணினியில் எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். எழுத்தறியாத செம்படவரும் அதைக் கேட்டுக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானித்தார்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து நல்லவாடு கிராமத்துக்குத் தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை அந்நிலையத்து ஒலிபெருக்கியே ஊரெங்கும் அறிவித்தது. ஜனங்கள் தப்பினார்கள். கணினி ஒன்றுதான், பயன் பெற்றதோ ஊர் முழுவதும்.

நமக்கும் இதற்குப் பெருஞ்செலவில்லை. ஒலிபெருக்கி இல்லாத கோயில் நமது ஜில்லாவில் உண்டா? மார்கழியில் நம்மைத் தூங்கவிடாத அக்கருவி, புரட்டாசியில் விதை விலையையும் சொல்லட்டுமே. கம்பெனி அறிவிப்பு எழுத்தில் மட்டுமன்றிக் குரலிலும் வரவேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல் வரவேண்டும். பதிலுக்கு ஓர் இரவும் ஒரு பகலும் தவணை வேண்டும். பங்குதாரர் ஜாபிதாவில் பெண்ணின் பெயருக்கு எதிரே அவளுடைய எண்ணே இருக்கவேண்டும். ஊருக்கு ஒரு பங்குதாரப் பெண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் பழக்கி, அவள் முடித்துக்கொடுக்கும் கொள்முதலுக்கும் விற்பனைக்கும் கம்பெனியே கமிஷன் தரலாம். இ-நாம் ஏலத்தில் சரக்கின் விலை என்னவென்று அவளே பார்த்து மற்றவர்க்குச் சொல்லுவாள். இலவசமாகச் செய் என்றால் இரண்டு மாதத்தில் நின்றுவிடும்.

ஆவணி முடிவதற்குள் இவ்வேற்பாட்டைச் செய்துகொள்ள விரும்பும் கம்பெனி டைரக்டர்கள், தங்கள் ஊரில் பட்டாசு வேலைக்குப் போகும் பங்குதாரர்களின் தொகையைக் கணக்கெடுத்து, அந்தந்தப் பிர்க்காவிலுள்ள வேளாண்மை உத்தியோகஸ்தரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வகுப்பு வைக்கும் நேரத்தை அந்தப் பெண்களே குறிப்பிடட்டும்.