சுவரையும் சேர்த்து எடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரகடம், வல்லக்கோட்டைப் பக்கத்து ஏரிக்கரைகளில் நடந்து பாருங்கள். கேமரா ஸ்டாண்டோடு நாலு பேராவது நிற்பார்கள். பாதிப் பேர் என்னைப்போல ரிட்டயர் ஆனவர்கள், மீதிப் பேர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள். அவர்கள் எடுக்கும் படங்களை எனக்கும் அனுப்புகிறார்கள். பனிமூட்டத்தில் ஏரி, நத்தைகுத்தி நாரை, ஒற்றைப் பனைமரம், மாடு ஓட்டிப் போகும் பெரியவர். அழகுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இது எந்த ஊர் என்று அந்தப் படங்களைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஓட ஆரம்பித்ததிலிருந்து இன்றுவரை இந்தப் பக்கத்தில் நடந்த எதுவும் அவற்றில் இல்லை. கம்பெனிச் சுவர் இல்லை, மின்கோபுரம் இல்லை, ஷிஃப்ட் பஸ் இல்லை.

இது தற்செயலாக நடப்பதில்லை. வித்தை தெரிந்துதான் செய்கிறோம். நானும் செய்தவன் என்பதால் சொல்கிறேன். 400 மி.மீ. லென்ஸ் போட்டால் பார்வை குறுகிவிடும். நாரைக்குப் பின்னால் இருக்கிற சுவர் மங்கலாகிச் சாம்பல் நிறத்தில் கரைந்து போகும். கரையில் படுத்துக்கொண்டு எடுத்தால் கோரைப்புல் சுவரை மறைத்துவிடும். லென்ஸுக்கு முன்னால் என்.டி. ஃபில்டர் என்கிற இருட்டுக் கண்ணாடியை மாட்டி ஷட்டரை 30 விநாடி திறந்து வைத்தால், பகலில் ரோட்டில் ஓடுகிற பஸ் படத்தில் விழவே விழாது. இரவில் எடுத்தால் வெறும் சிவப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்து தூங்கி வழிகிற நைட் ஷிஃப்ட் பெண்பிள்ளைகளை யார் கண்டார்கள்? இத்தனைக்கும் தப்பி ஒரு கம்பம் நின்றால், மொபைலில் விரலால் தேய்த்தால் போயிற்று.

கேமரா பிறந்த நாளிலிருந்தே இந்தக் கதை இருக்கிறது. 1838-இல் டாகேர் பாரிஸில் ஒரு பெரிய வீதியைப் படமெடுத்தார். வண்டியும் ஜனமும் நிறைந்த தெரு. ஆனால் சில நிமிடங்கள் அசையாமல் பதிவு செய்ய வேண்டியிருந்ததால் நடந்தவர்கள் எல்லோரும் மறைந்துவிட்டார்கள். நின்றபடி பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் மட்டும் தெரிகிறார். டாகேருக்கு வேறு வழி இல்லை. நமக்கு வழி இருந்தும் வேண்டுமென்றே செய்கிறோம்.

“கலை என்றாலே வேண்டியதை எடுத்து வேண்டாததை விடுவதுதானே சார்?” என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்வி. 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னியஸ் ட்ரைப், வானம் வெறுமையாக விழுந்த இடத்தில் நெகட்டிவிலேயே மேகத்தைத் தீட்டிச் சேர்த்தவர்தான். மெருகேற்றுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. அவர் மேகத்தைச் சேர்த்தார், கோயிலைக் கழிக்கவில்லை. அதனால்தான் அந்தக் கட்டடங்கள் அன்று எப்படி இருந்தன என்று இன்றும் அவர் படங்களை வைத்துப் பார்க்க முடிகிறது. நம் படத்தை வைத்து எதைப் பார்ப்பது?

என் தப்பைச் சொல்கிறேன். 2007 ஐப்பசியில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு படம் எடுத்தேன். மழை விட்ட சாயங்காலம், மஞ்சள் வெயில், எருமையைக் குளிப்பாட்டும் பையன். இடது ஓரத்தில் வரத்துக் கால்வாயும், அதன் பக்கத்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு சுவரும் விழுந்திருந்தன. சாம்பல் நிறச் சுவர் கண்ணை உறுத்தியது. கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை வெட்டினேன். வெட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, இடம் போதவில்லை என்று அசலை அழித்தேன். அந்தப் படம் இன்றும் எங்கள் ஹாலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் புகழ்ந்துவிட்டுத்தான் காபி குடிப்பார்கள்.

2015 டிசம்பர் மழையில் தண்ணீர் ஏரிக்குப் போகாமல் எங்கள் தெருவுக்குள் வந்தது. பிறகு ஊர்க்காரர்கள் மனு எழுதினார்கள். வரைபடத்தில் கால்வாய் இருக்கிறது, அதில் தகராறு இல்லை. சுவர் வந்தபோது அதில் தண்ணீர் ஓடியதா, அதற்கு முன்பே தூர்ந்து கிடந்ததா என்பதுதான் பேச்சு. அதற்குப் படம் ஏதாவது உண்டா என்று கேட்டார்களாம். பங்காளி மகன் நேராக என் வீட்டுக்கு வந்தான். “சித்தப்பா, அந்த வருஷமெல்லாம் நீங்கதானே கேமராவும் கையுமா சுத்தினீங்க? ஒண்ணாவது இருக்குமே” என்றான். நான் ஹாலில் இருந்த எருமையைக் காட்டினேன். அவன் இடது ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். அதற்குப் பிறகு அந்தப் படத்தை யார் புகழ்ந்தாலும் எனக்குச் சுருக்கென்று தைக்கிறது.

படம் என்ன சாட்சி சொல்லும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, அங்கே படமெடுத்துக்கொண்டிருந்தவரும் செத்துப்போனார். கேமரா தப்பியது. அதிலிருந்த 10 படங்கள்தான் விசாரணைக்குக் கிடைத்த முக்கியமான பிடி. மாலையோடு நின்ற பெண்ணும் வெள்ளைக் குர்தா போட்டு நின்ற ஆளும் அவற்றில் இருந்தார்கள். யாராவது உட்கார்ந்து அழகு பார்த்து வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதனால் கேமரா வைத்திருக்கும் தம்பிகளுக்கும் என் வயதுக்காரர்களுக்கும் சொல்கிறேன். நாரையை எடுங்கள், பனியை எடுங்கள், தாராளமாக. அதே இடத்தில் நின்று, அகல லென்ஸில், சுவரும் கம்பமும் பஸ்ஸும் விழுகிற மாதிரி இன்னொரு படமும் எடுங்கள். அசலை அழிக்காதீர்கள். தேதி, ஊர், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று மூன்றையும் எழுதி வையுங்கள். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பரணில் பழைய ஆல்பம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாணப் படமோ, காதுகுத்துப் படமோ, பொண்ணு மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். மதகு, கலங்கல், கால்வாய், களத்துமேடு எது தெரிந்தாலும் பத்திரமாக எடுத்து வையுங்கள். எங்கள் ஊர்க் கால்வாய் தெரிகிற படம் யாரிடமாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.