இலைக்காம்பைப் பாருங்கள்

நார்த்தங்காய் எது, கிடாரங்காய் எது? சந்தையில் கேட்டால் கடைக்குக் கடை ஒரு பதில் வரும். ஓர் ஊரில் நார்த்தங்காய் என்று கூறு கட்டி விற்பதை இன்னோர் ஊரில் கிடாரங்காய் என்கிறார்கள். யாரும் ஏமாற்றுவதில்லை, அவரவர் வீட்டில் அப்படித்தான் வழக்கம். ஆகவே பெயரை விட்டுவிட்டுக் காயைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

நிறத்தையும் நம்ப வேண்டாம். இந்த வகைப் பழங்களின் பச்சை மாற இரவுக் குளிர் வேண்டும். சமவெளி வெயிலில் சாத்துக்குடி பச்சைத் தோலோடேயே பழுத்து இனிக்கும். காயை நறுக்கிப் பாருங்கள். தோலுக்கு அடியில் தடிமனாக வெள்ளைச் சதை, நடுவில் கொஞ்சம் சுளை, சாறு சொற்பம் என்றால் அது சிட்ரான், அதாவது தாவர நூல்கள் சிட்ரஸ் மெடிகா என்று சொல்லும் இனம். சாறு நிறைய, புளிப்போடு கசப்பும் ஏறினால் அது பெரும்பாலும் கசப்பு ஆரஞ்சு.

மரம் பக்கத்தில் இருந்தால் கத்தியே வேண்டாம். இலைக்காம்பின் இருபுறமும் சிறகு விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பம்ளிமாஸில் அது மிகப் பெரியது. கசப்பு ஆரஞ்சிலும் நன்றாகத் தெரியும். எலுமிச்சையில் ஒடுங்கியிருக்கும். சிட்ரானில் சிறகே கிடையாது. காய் வளர வளர உருவம் மாறும். இலைக்காம்பு அப்படி மாறுவதில்லை. அதனால்தான் எனக்கு அதன்மேல் இத்தனை நம்பிக்கை.

இவை ஒன்றுபோல் இருப்பதில் வியப்பில்லை, எல்லாம் பங்காளிகள். பம்ளிமாஸும் கமலா ஆரஞ்சு இனமும் கலந்து பிறந்தது கசப்பு ஆரஞ்சு. அதனோடு சிட்ரான் சேர்ந்து பிறந்தது, நீள்வடிவ மஞ்சள் லெமன். நாம் பிழியும் சின்ன எலுமிச்சைக்கும் தகப்பன் சிட்ரான்தான்; தாய் பிலிப்பைன்ஸ் பக்கத்துக் காட்டினம். 2018-ல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு இந்த உறவுமுறையைத் தெளிவாக விரித்தது.

சமையலுக்கும் இந்த வேறுபாடு முக்கியம். சுருள் சுருளாக அரிந்து உப்பை அடைத்து வெயிலில் காயவைக்க, தடித்த தோல்காரன்தான் எனக்குப் பிடிக்கும். உப்பு அந்த வெள்ளைச் சதைக்குள் இறங்கி ஊறினால் தயிர்சாதத்துக்கு வேறெதுவும் தேவைப்படாது. சாறு மிகுந்ததைப் பிழிந்து சாதம் கிளறலாம். காய் வாங்கும்போது இலையோடு கிடைக்குமா என்று கேளுங்கள். கொழுந்தாக இருந்தால் வேப்பிலைக்கட்டிக்கும் ஆகும்.