வயிற்றில் அடித்தால் புத்தி வருமா?

நம் தொழிற்சாலை முதலாளிமாரிடத்தும் நிர்வாகிகளிடத்தும், ஏன், குடிப்பவனுடைய சொந்த பந்துக்களிடத்திலும்கூட, நெடுங்காலமாக ஓர் அபிப்பிராயம் வேரூன்றி நிற்கிறது. குடித்துக் கெட்டுப்போன தொழிலாளிக்குப் புத்திமதி பிரயோஜனப்படாது. வேலையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினால்தான், பசியின் அருமை தெரிந்து, பெண்டாட்டி பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, அவனாகவே திருந்துவான் என்பது அது. கேட்பதற்கு நியாயம் போலவும், கண்டிப்பிலே சிறிது கருணையும் கலந்திருப்பது போலவும் தோன்றுகிற இந்த அபிப்பிராயம் தவறானது என்பதும், இதை நம்பி நாம் செய்கிற காரியம் சிகிச்சையும் அன்று, தண்டனையும் அன்று, வெறும் கைகழுவலே என்பதும் என்னுடைய திடமான கட்சி.

பல ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் நான் உத்தியோகம் பார்த்தேன். அங்கே லேத்தில் நின்ற ஒரு டர்னர், மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்குமுன்பே உருளையைப் பார்த்து அளவு சொல்லிவிடக்கூடிய தொழில் சுத்தமானவர். எங்கள் வருகைப் பதிவேட்டில் காலையில் ஒரு கையெழுத்தும் மதிய உணவுக்குப் பிறகு ஒரு கையெழுத்தும் இடவேண்டும். அவருடைய காலைக் கையெழுத்து, மையில் விழுந்த எறும்பு ஊர்ந்து போனாற்போல் கோணிக் கிடக்கும். மதியக் கையெழுத்தோ அச்சில் வார்த்தாற்போல் நிற்கும். காலையில் தூக்கக் கலக்கம் என்று அவர் சொன்னார், நாங்களும் நம்பினோம். இரவு உண்ட மது விடியற்காலையில் உடம்பை விட்டு வடியும்போது கை நடுங்குகிறது என்பதும், சாப்பாட்டு வேளையில் வெளியே போய் மறுபடியும் ஊற்றிக்கொண்டு வந்த பிறகே அந்தக் கை நிலைக்கிறது என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் நோயாளியாகத் தோன்றிய நேரத்தில் போதை இறங்கியிருந்தது. ஆரோக்கியமாகத் தோன்றிய நேரத்தில் போதையோடு இயந்திரத்தின் முன் நின்றார். மூன்று வருஷத்துப் பதிவேட்டில் அந்த வியாதி நாள்தோறும் இரண்டு முறை கையெழுத்திட்டிருந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

ஒருநாள் வாசலில் வாடை பிடித்துவிட்டது. ராஜிநாமா எழுதிக் கொடுத்தால் கணக்கை முழுவதும் தீர்த்துவிடுகிறோம் என்று நிர்வாகம் கடிதம் எழுதிற்று; அந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியவன் நான். மறு ஆண்டு, குடும்பப் பென்ஷன் பாரத்தில் கையொப்பம் வாங்க அவருடைய மனைவி மட்டும் வந்தார். "வேலை இருந்த மட்டும், விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணுமேன்னு ஒரு பயம் இருந்துச்சு சார். நீங்க கணக்குத் தீர்த்துக் குடுத்தப்புறம் கையில பணம் இருந்துச்சு, பயம் போயிருச்சு" என்றார். அந்த அம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

வயிற்றில் அடித்தால் புத்தி வரும் என்கிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. குடிநோய் முற்றியவன் பசிக்கு அஞ்சுகிறவன் அல்லன். அவன் காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் எப்போதோ விட்டவன். அவனைக் கட்டியிழுத்து நிறுத்தக்கூடிய கயிறுகளில் மற்றவை எல்லாம் அறுந்தபின் மிஞ்சுவது, நான் ஒரு தொழிலாளி என்னும் கௌரவம் ஒன்றே. அதையும் அறுத்து எறிந்துவிட்டு, இனி நீயாகக் கரையேறு என்று சொல்வது என்ன பரிகாரம்? நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இலேயே, மதுவினாலும் போதைப் பொருள்களாலும் உண்டாகும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்னும் இலக்கணத்துக்குள் சேர்த்துவிட்டது. சட்டம் வியாதி என்று ஒப்புக்கொண்டதை, தொழிற்சாலையின் நிலையாணைகள் இன்றும் ஒழுங்கீனம் என்றே எழுதிவைத்திருக்கின்றன. இன்னொன்றையும் சொல்லவேண்டும். நெடுநாள் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால், ஓரிரு நாளில் வலிப்பும், அதைத் தொடர்ந்து சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே அபாயம் நேரக்கூடும். வைத்தியர் துணையில்லாமல், வீட்டில் இருந்து குடியை விட்டுவிட்டு வா என்று சஸ்பென்ஷன் கடிதம் கொடுப்பது எத்தனை பயங்கரம் என்று பாருங்கள்.

அப்படியானால் போதையோடு பவர் பிரஸ்ஸில் கை வைக்க விடுவதா என்று கேட்பார்கள். ஒருபோதும் கூடாது. வேலை நேரத்துக்குப் பிறகு குடிப்பது அவனவன் சொந்த விஷயம் என்கிற தாட்சண்யத்துக்கும் நான் உடன்படுகிறவன் அல்லன். குவார்ட்டர் என்று வழங்கும் 180 மில்லி புட்டியின் மேல் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறதே, அதற்கு ஏறக்குறைய 60 கிராம் சாராயம் என்று பொருள். ஈரல் மணிக்கு ஏழெட்டுக் கிராமுக்குமேல் எரிப்பது அரிது. ஆகவே இரவு ஒன்பது மணிக்கு இரண்டு குவார்ட்டர் குடித்தவனுடைய இரத்தத்தில் மறுநாள் நண்பகல் வரைக்கும் மது இருக்கும். அவன் காலை ஆறு மணி ஷிப்டுக்குக் குளித்து விபூதி இட்டு வந்தாலும் இருக்கும். ரயில் ஓட்டுநர்களுக்குப் பணி ஏற்குமுன் மூச்சுப் பரிசோதனை செய்யப்படுவது இதற்காகத்தான். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமோ, குடிபோதையால் நேர்ந்த காயத்துக்கு, மரணமோ நிரந்தரமான முழு ஊனமோ விளைந்தாலன்றி, முதலாளி பொறுப்பில்லை என்றது. விரலை இழந்தவன் ஈட்டுத்தொகையையும் இழந்தான். ஆதலால் அன்றைக்கு அவனை இயந்திரத்தை விட்டு விலக்கவே வேண்டும். ஆனால் இயந்திரத்தை விட்டு விலக்குவது வேறு, மஸ்டர் ரோலை விட்டு விலக்குவது வேறு.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் டூபாண்ட், ஈஸ்ட்மன் கோடக் போன்ற பெரிய கம்பெனிகள் 1940-களிலேயே குடிநோய்ப்பட்ட சிப்பந்திகளை வைத்தியத்துக்கு அனுப்பி வேலையில் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தன. 1937-இல் அந்நாட்டு ஆலை வைத்தியர் ஒருவர், ரப்பருக்குச் சேர்க்கும் ஒரு ரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் மதுவைத் தொட்டாலே முகம் சிவந்து அவதிப்படுவதைக் கவனித்து எழுதினார். பின்னர் டென்மார்க்கில் குடியை நிறுத்துவதற்கென்று ஆராய்ந்து தேர்ந்த டைசல்ஃபிராம் என்னும் மருந்து அந்த ரசாயனத்தின் நெருங்கிய இனமே. (இதை நோயாளி அறியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வழக்கம் உயிருக்கு உலை வைப்பது, வைத்தியர் சொல்லாமல் இம்மருந்தை யாரும் கொடுக்கலாகாது.) சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996-இல் வெளியிட்ட நெறிமுறை, குடிநோயை மற்ற எந்த உடல்நலக் குறைவையும் போலவே பேதமின்றி நடத்தவேண்டும் என்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையம் இந்நோய்க்கென்றே சிகிச்சை அளிக்கிறது.

முதலாளி செய்யவேண்டியது பிரசங்கம் அன்று. திங்கட்கிழமை லீவுகள், சம்பளத்துக்கு மறுநாள் வராமை, அரைநாள் அனுமதிகள், அடிக்கடி நேரும் சிறு காயங்கள் இவற்றைக் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒழுக்கத்தைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். சிகிச்சைக்கு விடுப்பும், திரும்பினால் இடம் இருக்கும் என்னும் எழுத்துமூலமான உறுதியும், வந்தபின் சில மாதம் இயந்திரம் இல்லாத வேலையும் தரவேண்டும். ஒருமுறை வழுக்கி விழுந்தால் எல்லாம் போயிற்று என்று எண்ணலாகாது. இந்நோயில் அது சகஜம். இத்தனையும் செய்தபின் சிகிச்சையையே மறுத்துக்கொண்டிருப்பவனை நீக்கினால் நான் குறை சொல்லமாட்டேன். பரிதாபப்பட்டு அவனுக்காகப் பொய்க் கையெழுத்துப் போடுகிற சக தொழிலாளியும், இரவு ஓவர்டைமுக்குக் கூலியோடு குவார்ட்டரும் சேர்த்துக் கொடுக்கிற காண்டிராக்டரும் இந்தப் பாவத்தில் பங்காளிகள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பணிநீக்க உத்தரவைக் கையொப்பத்துக்காக மேஜைமேல் வைத்திருக்கும் நிர்வாகி யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். பேனாவைத் திறக்குமுன் அந்த மனிதனுடைய பழைய வருகைப் பதிவேட்டை வரவழைத்து, காலைக் கையெழுத்தையும் மதியக் கையெழுத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.