இல்லமே ஆலயம்: விளக்கடியில் படியும் கறை

கார்த்திகை பிறந்துவிட்டால் திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் வீடுதோறும் விளக்குகளின் எண்ணிக்கை பெருகிவிடும். வாசற்படி, மாடம், பூசையறை, துளசி மாடம் என எங்கும் அகல்கள் ஒளிரும். ஒளி அடங்கிய பின்னர் எஞ்சுவது தரையில் வழிந்த எண்ணெய். ஒரு மாத காலம் இது தொடர்ந்தால் பூசையறையில் பதித்த டைல்ஸின் இடுக்குகள் கறுத்துப் பிசுபிசுத்துப் போகும். மார்கழிக்குள் அதைச் சீர்செய்யும் முறையை இவ்வாரம் காண்போம்.

தரையைத் தூய்மை செய்வது நம் சமயத்தில் சிறுவேலையாக எண்ணப்பட்டதில்லை. திருவதிகையில் திலகவதியார் நாள்தோறும் அலகிட்டு, மெழுக்கிட்டு, இறைவனுக்குத் தொண்டு செய்தார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. அவர் தம்பியாராகிய திருநாவுக்கரசர் உழவாரம் ஏந்தித் தலந்தோறும் சென்றவர்; நம் திருவொற்றியூருக்கும் பதிகம் அருளியவர்.

முதலில் கறையின் காரணத்தை அறிதல் நலம். டைல்ஸ் சூளையில் சுட்ட மண். அதன் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சில் எண்ணெயோ மஞ்சளோ எளிதில் இறங்காது. ஆனால் இரு டைல்ஸுக்கு இடையே நிரப்பப்படும் வெள்ளைச் சிமென்ட் நுண்துளைகள் நிறைந்தது. எண்ணெய், குங்குமம், அபிஷேக நீர், பால் யாவற்றையும் அது உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே நாம் துடைப்பது டைல்ஸை. கறை தங்குவது இடுக்கில்.

வடசென்னைக்கென்று சில தனித்தொல்லைகளும் உண்டு. ஒன்று, கரித்தூள். 2011-ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளப்படுவது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னர் இராயபுரத்து வீடுகளில் காலையில் துடைத்த தரை மாலைக்குள் கறுத்துவிடும். அப்போது இடுக்கில் இறங்கிய கறுப்பு இன்றும் சில பழைய வீடுகளில் உள்ளது. எண்ணூர்ப் பக்கத்தில் நிலக்கரிப் போக்குவரத்து இன்றும் நடைபெறுகிறது. இத்தகைய தூசியில் நேராக நீரை ஊற்றினால் அது மைபோல் கரைந்து இடுக்கில் இறங்கிவிடும். நன்கு பிழிந்த ஈரத்துணியால் முதலில் ஒற்றி எடுத்த பின்னரே கழுவுதல் வேண்டும்.

மற்றொன்று, உப்பு. கடலோர நிலத்தடி நீர் பல தெருக்களில் உவர்ப்பாக உள்ளது. அந்நீர் இடுக்கில் ஊறி உலரும்போது வெண்மையாக உப்புப் பூக்கும். அதைக் கண்டவுடன் மேலும் நீர் ஊற்றுதல் கூடாது. உலர்ந்த தூரிகையால் தேய்த்து உதிர்த்துவிட்டு, அதன் பின்னரே துடைக்க வேண்டும். கடைசியாக அலசுவதற்கு மட்டுமாவது குழாயில் வரும் குடிநீரைப் பயன்படுத்துங்கள்.

இனி எண்ணெய்க் கறை. கொட்டிய எண்ணெயை உடனே தேய்ப்பது பரப்புவதற்கே உதவும். பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுத்து, அவ்விடத்தில் கோலமாவைத் தூவிச் சிறிது நேரம் விட்டால் மீதி எண்ணெயை அது ஈர்த்துக்கொள்ளும். பிறகு சீயக்காய்த்தூள் அல்லது பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த வெந்நீரால் தேய்க்கலாம். பழைய கறையானால் சமையல் சோடாவைச் சிறிது நீரில் குழைத்து, இடுக்கின் நெடுகப் பூசி, கால் மணி நேரம் கழித்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்து அலசுங்கள். ஒரே முறையில் போகாவிடில் வாரம் ஒருமுறை செய்து வாருங்கள். கம்பித் தூரிகை வேண்டாம். அது இடுக்கையே அரித்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சுவரும் தரையும் கறுப்பாயின. ஆலை எண்ணெய்க்கும் முறை அதுவே. முதலில் உறிஞ்சி எடுத்தல், பின்னரே சோப்பு நீர். ஆனால் கையுறை அணியாமல் அதைத் தொடலாகாது.

மஞ்சள் கறை சோப்புப் பட்டவுடன் சிவப்பதைக் கண்டு சிலர் அஞ்சுவர். ஆரத்தி நீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதும் இதே இயல்பால்தான். அலசினால் சிவப்பு அகலும். எஞ்சிய மஞ்சள், வெயில் படும் இடமானால் சில நாட்களில் தானே மங்கிவிடும்.

எலுமிச்சை, புளி, வினிகர் ஆகியவை பித்தளை விளக்குக்கு உகந்தவை. சிமென்ட் இடுக்கிற்கு உகந்தவை அல்ல. புளிப்பு சிமென்டை மெல்ல மெல்லக் கரைக்கும். ஆத்தங்குடிக் கற்களும் சிமென்டால் ஆனவையே. அவற்றிற்கும் இது பொருந்தும். கடையில் விற்கும் ஆசிட் இதே கேட்டை விரைவாகச் செய்யும். முதல் நாள் பளிச்சென்று தோன்றும். இடுக்கு சொரசொரப்பாகி, அடுத்த கறையை முன்னிலும் அதிகமாக உறிஞ்சும்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். காற்றோட்டமற்ற சிறிய பூசையறையில் அது மூச்சுக்குழலைத் தாக்கும். உயிருக்கே இடர் விளைவிக்கும். அம்மோனியா கலந்த திரவங்களோடும் பிளீச்சிங் பவுடர் சேரக்கூடாது.

இடுக்கு உதிரத் தொடங்கிவிட்டால் தேய்ப்பதில் பயனில்லை. கொத்தனாரை அழைத்துப் பழையதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். எபாக்சி வகை எண்ணெயை உறிஞ்சாது. விலை கூடுதல், கைத்தேர்ச்சியும் வேண்டும். விளக்கடியில் மட்டுமேனும் அதை இடுதல் தகும்.

நம் வயதினர் கவனிக்க வேண்டியது கறையை மட்டும் அன்று. எண்ணெய் படிந்த டைல்ஸில் ஈரக்கால் பட்டால் வழுக்கும். அறுபதைக் கடந்தோர்க்கு இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடை திரும்புவது அரிது. விளக்கின் கீழே பித்தளைத் தாம்பாளம் ஒன்று வைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும். தரை முற்றும் உலரும்வரை பூசையறைக்குள் செல்லாதீர்கள். குனிந்து தேய்க்க இயலாதவர் நீண்ட கைப்பிடித் தூரிகையைக் கொள்ளலாம். வங்கியில் அன்றைய கணக்கை அன்றே நேர்செய்துவிட்டு எழுவது வழக்கம். விளக்கடித் துடைப்பும் அவ்வாறே. அன்றாடம் இரண்டு நிமிடம் போதும்.

நம்மில் பலருக்கு இப்பணியைச் செய்து தருபவர் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி. அவர் கையில் ஆசிட் புட்டியைக் கொடுத்துவிட்டு நாம் கூடத்தில் அமர்ந்து பாராயணம் செய்வது அறமாகாது. அவருக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். ஆசிட்டை வீட்டில் வைக்காதீர்கள்.

திருவொற்றியூரில் வாழ்ந்த கலிய நாயனார் எண்ணெய் வணிகர் மரபினர். ஆலய விளக்கிற்கு எண்ணெய் வாங்கப் பொருளின்றிப் போனபோது தம் குருதியையே வார்க்கத் துணிந்து கழுத்தை அரியலுற்றார். இறைவன் அக்கையைப் பற்றித் தடுத்தருளினான். தன் விளக்கிற்காக அடியார் ஒருவர் புண்படுவதை அவன் பொறுக்கவில்லை. நம் வீட்டு விளக்கின் பொருட்டும் எவர் கையும் வேகாதிருக்கட்டும்.