முந்நூறும் இருநூறும் மூன்று லட்சமா?

திருச்செந்தூருக்குப் போய்விட்டு வருகிறவர்களின் பையில் கருப்பட்டி இல்லாமல் இருக்காது. பக்கத்தில் இருக்கும் உடன்குடியின் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அங்கே கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் ஓர் ஆச்சிக்கு, பிளஸ் டூ படிக்கும் பேத்தி கம்ப்யூட்டரில் பில் போட்டுக் கொடுக்க நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

கருப்பட்டிக்கு 300, பனங்கற்கண்டுக்கு 200 என்று தட்டுகிறாள். திரையில் மொத்தம் 300200 என்று வருகிறது.

“ஏட்டி, ஐந்நூறு ரூவா சரக்குக்கு மூணு லட்சமா?” என்று ஆச்சி சிரிக்கிறார். பேத்திக்கோ அழுகை வருகிறது. ஏனென்றால், பிழை என்று கம்ப்யூட்டர் எதையும் சொல்லவில்லை. புரோகிராம் ஒழுங்காகத்தான் ஓடியது. விடைதான் தப்பு.

பைத்தான் கற்கிறவர்கள் பலரும் முதலில் விழும் பள்ளம் இது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2019-20 கல்வியாண்டிலிருந்து பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. தமிழ் வழியில் படிப்பவர்களுக்கும் அதே பாடம்தான். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைகள், ‘நமக்கு இது வராது’ என்று ஒதுங்குவது இந்த மாதிரி இடங்களில்தான்.

எங்கே எழுதுவது, எங்கே பார்ப்பது?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் பைத்தானை நிறுவும்போதே ‘ஐடில்’ என்ற எடிட்டரும் கூடவே வந்துவிடும். திறந்ததும் தெரிவது ‘ஷெல்’ ஜன்னல். ஒரு வரி தட்டி என்டர் அழுத்தினால் அங்கேயே பதில் வரும். சின்னச் சின்னதாகச் சோதித்துப் பார்க்க அது போதும்.

பில் போடும் புரோகிராமைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டுமே? அதற்கு ‘ஃபைல்’ மெனுவில் ‘நியூ ஃபைல்’ எடுத்து எழுதி, சேமித்துவிட்டு, எஃப்5 விசையை அழுத்த வேண்டும். சேமிக்க மறந்தால் ஐடிலே நினைவூட்டும். விடை, எழுதிய ஜன்னலில் வராது; ஷெல் ஜன்னலில்தான் வரும்.

நின்றுவிட்டதா, காத்திருக்கிறதா?

‘பிரிண்ட்’ என்பது விடையைத் திரையில் காட்டும். ‘இன்புட்’ என்பது நம்மிடம் விவரம் வாங்கும். நாம் தட்டி என்டர் அழுத்தும்வரை அது காத்துக்கொண்டே இருக்கும். கேள்வி எதுவும் எழுதாமல் வெறும் ‘இன்புட்’ போட்டால், திரையில் ஒன்றுமே தெரியாது. ஹேங் ஆகிவிட்டது என்று பலர் மூடிவிடுவார்கள். அதனால் ‘கருப்பட்டி விலை?’ என்று மேற்கோள் குறிக்குள் ஒரு கேள்வியும் சேர்த்துவிட வேண்டும். கேள்வி தமிழிலேயே இருக்கலாம்.

எண்ணா, எழுத்தா?

ஆச்சியின் பில் குழம்பியது இங்கேதான். ‘இன்புட்’ எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் வாங்கும். எழுத்துகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால், கூட்டாது, ஒட்டிவிடும். 300-உம் 200-உம் ஒட்டிக்கொண்டு 300200 ஆனது அப்படித்தான். ‘இன்புட்’டை ‘இன்ட்’ என்பதன் அடைப்புக்குள் வைத்தால் எழுத்து எண்ணாகிவிடும். பைசாவும் வரும் என்றால் ‘ஃப்ளோட்’.

விலையை 1,200 என்று கமா போட்டுத் தட்டினால் ‘வேல்யூ எரர்’ வரும். ஆனால் தமிழ் எண்களில் ௩௦௦ என்று தட்டினால், பைத்தான் 3 அதை 300 என்றே எடுத்துக்கொள்ளும்! நூறைக் குறிக்கும் ௱ ஆகாது.

சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தப்பு என்று அங்கே இருக்கும். எந்த வரியில் என்பது அதற்கு மேலே இருக்கும். ஆங்கிலச் சொற்களே தடையாக இருந்தால், முத்தையா அண்ணாமலை 2007-ல் தொடங்கிய ‘எழில்’ நிரல்மொழியையும் பார்க்கலாம். பைத்தானைக் கொண்டு உருவான அதில், ‘பிரிண்ட்’டுக்குப் பதில் ‘பதிப்பி’ என்று எழுதினால் போதும்.

சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது தப்பைக் காட்டிக்கொடுக்கிறது. சத்தமில்லாமல் வரும் தப்பு விடைதான் ஆபத்து. அதனால், விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு கணக்கைக் கொடுத்துச் சரிபார்த்த பிறகே, பேத்தி அந்த பில்லை ஆச்சியிடம் கொடுக்கட்டும்.