ஈமச் செலவு

சாராள் இறந்தபின் ஆபிரகாம் மக்பேலாக் குகையை 400 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். துயரிடையே வாங்குவோன் கேட்ட விலையைக் கொடாது யாது செய்வான்? அரிமத்தியா யோசேப்போ தமக்கெனக் கல்லறையை முன்னரே வெட்டுவித்திருந்தார். அதனாலன்றோ அது நம் ஆண்டவருக்கும் உதவிற்று!

நம் இல்லங்களிலோ சாவைப்பற்றிப் பேசுதலே அமங்கலம் என்பர் பலர். பின்னர்ப் பெட்டியும், பந்தலும், குழிவெட்டுக் கூலியும், உறவினர் உணவும் ஓரிரவிற் சூழ்ந்துகொள்ளும். ஊரார் என் சொல்வரோ என்னும் அச்சம் கடன் பத்திரத்திற் கையொப்பம் இடுவிக்கும். அக்கடனைத் தீர்ப்பவர் கைம்பெண்ணும், கல்வியிழந்த மகனுமே.

அன்பின் அளவு பெட்டியின் விலையன்று. ஆதலின் பெரியோர் தம் விருப்பத்தை உயிரோடிருக்கையிலேயே எழுதிவைத்து, அதற்குரிய தொகையையும் ஒதுக்குவாராக. சபைதோறும் மாதச் சிறுகாணிக்கையால் அடக்கநிதி அமைத்தலும் நன்று. இதனைப் பெற்றோரிடம் கேட்க மைந்தராகிய நாம் நாணுதல் வேண்டா என்பதே எம் துணிபு.